குதிரை வைத்தியரின் கோட்டு

யாரைப் பற்றிக் கேட்டாலும் "நல்ல மனிசன்" என்று சொல்லும் ஒருவரை எனக்குத் தெரியும். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. போன வருடம் அவர் செத்துப்போனார். லண்டன் மனோர் பார்க்கில் இருக்கிற எங்கள் ஆட்களில் பாதிப்பேர் செத்தவீட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை. "ஊரிலயும் பக்கத்து வீடு, இஞ்சயும் ஒரே தெரு, அண்ணை அண்ணை எண்டு திரிஞ்சனீ, கடைசியா முகத்தைப் பார்க்கக்கூட வரேல்லையே?" என்று இன்னமும் கேட்கிறார்கள். தலையிடி என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஒரு வருடமாக ஒரே தலையிடியைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தெரு மூலையில் அவருடைய கடை. மரக்கறி, அரிசி, தகரத்தில் அடைத்த ரின்மீன், சாமிப் படம், போன் கார்ட் எல்லாம் ஒரே அறைக்குள். ஆள் கட்டை. வெயில் காலத்திலும் கையில்லாத கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டார். கதைக்கும்போது உங்கள் தோளில் இருக்கிற தூசியைத் தட்டிவிடுவார். தூசி இல்லாவிட்டாலும் தட்டுவார். தட்டிக்கொண்டே, அந்த நேரம் யாரைப் பற்றிக் கதை வந்ததோ அந்த ஆளுக்கு ஒரு நற்சான்று வழங்குவார்.

ஒருவன் அடிக்கடி கடைக்கு வந்து ரின்மீனை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு போவான். ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். பிடித்து, உள்ளே இருத்தி, பணிசும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார். "நல்ல மனிசன் பிள்ளை. ரின்மீனைத் தவிர வேற ஒண்டிலயும் கை வைக்கேல்லை" என்றார் என்னிடம். அடுத்த கிழமை அந்த நல்ல மனிசன் வந்து தராசைத் தூக்கிக்கொண்டு போனான். "என்ன அவசரமோ தெரியாது" என்று சொல்லிவிட்டுப் புதுத் தராசு வாங்கினார்.

கோயில் நிருவாகத்தில் சண்டை வந்து இரண்டு பக்கமாகப் பிரிந்தபோது இரண்டு பக்கத்தாரும் இவரிடம் ஆதரவு கேட்டு வந்தார்கள். வந்தவர்களிடம், அங்காலப் பக்கத்துத் தலைவரும் நல்ல மனிசன்தான் என்றார். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் இரண்டு பக்கமுமே அவரிடம் கறிவேப்பிலைகூட வாங்கவில்லை.

என்னுடைய மனிசன் என்னை விட்டுவிட்டு தெற்கு லண்டனில் வேறொருத்தியோடு குடியிருக்கப் போன நேரம், ஒரு பை நிறைய மரக்கறியோடு வந்து வாசலில் நின்றார். "அவன் நல்ல மனிசன் பிள்ளை. கொஞ்சம் அவசரப்பட்டிட்டான்." பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

இதெல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். கடைக்காரர், நாலு பேரைப் பகைக்க முடியாது என்று விட்டுவிடலாம். அவர் கொடுத்த ஒரே ஒரு நற்சான்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியாமல் இருந்தது.

ஊரில் என் அண்ணனை ஆமி பிடித்துக்கொண்டு போன அடுத்த நாள் காலை, அம்மா இவரைத்தான் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனாள். தெற்கே ஒரு பேக்கரியில் வேலை செய்தவர் என்பதால் அயலில் சிங்களம் தெரிந்த ஆள் அவர் மட்டும்தான். மத்தியானத்துக்கு முன்னால் இருவரும் திரும்பி வந்தார்கள். அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. முற்றத்தில் கூடி நின்ற சனத்துக்கு இவர் சொன்னார்: "பொறுப்பான பெரியவன் நல்ல மனிசன். ஒரு சொல் அதிர்ந்து பேசேல்லை. அம்மாவுக்குத் தேத்தண்ணியும் தந்தவர். நாளைக்கு விட்டிடுவாராம்."

சேர்ச் பாதருக்கு ஆமியில் இன்னும் மேலே இருந்த ஒருவரைத் தெரியும். உடனே போய்க் கதைப்போம், பிந்தினால் காரியம் கெட்டுப்போகும் என்று பாதர் அன்று பின்னேரமே வந்து சொன்னார். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். நாளைக்கு விடுகிறேன் என்று ஒரு நல்ல மனிசன் சொல்லியிருக்கும்போது அவருக்கு மேலாலே போய் அவரைக் கோபப்படுத்துவதா என்று கேட்டாள். அண்ணன் அடுத்த நாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. பிறகு போய்க் கேட்டால் அப்படி ஓர் ஆளே இங்கே வரவில்லை என்றார்கள். அம்மா சாகும்வரை, லண்டனில் என் வீட்டில் வந்திருந்த காலம் முழுக்க, அண்ணனின் படத்துக்கு மாலை போட விடவில்லை, அவனுக்கு ஒரு கிரியை செய்ய விடவில்லை. "விடுவன் எண்டு சொன்னவரல்லோ" என்பாள். அந்த ஒரு நாளை வீணாக்காமல் பாதரோடு போயிருந்தால் அண்ணனை மீட்டிருக்கலாம் என்று நான் நம்பினேன். அதைக் கெடுத்தது இவருடைய நற்சான்று. அண்ணை என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். உள்ளே அந்தக் கோபம் ஒரு நாளும் ஆறவில்லை.

அண்ணனின் விஷயம் நடந்த கொஞ்சக் காலத்தில் அவர் ஜேர்மனிக்குப் போய்விட்டார். அங்கே ஒரு சின்னப் பட்டினத்தில், தனியாக இருந்த ஒரு வயதான பெண்ணின் வீட்டு மேல் அறையில் குடியிருந்தார். அவளைப் பற்றிக் கதைத்தால் அவருக்குக் குரல் தழுதழுக்கும். "என்ர ஜேர்மன் அம்மா" என்பார். அவளுடைய கணவன் ஹிட்லரின் யுத்தத்தில் அதிகாரியாக இருந்தவன். கடைசி லீவில் வந்து நல்ல கோட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. எங்கே செத்தான், எப்போது செத்தான் என்று அவளுக்குத் தகவலே இல்லை. "அதிகாரி எண்டாப்போல சுட்டுத் திரிஞ்சவர் இல்லை. குதிரை வைத்தியர். பட்டாளத்துக் குதிரையளுக்கு மருந்து கட்டினவர். நல்ல மனிசன்" என்று, நேரில் பார்த்தவர் போலச் சொல்லுவார்.

முதல் பனிக்காலத்தில் அந்தப் பெண் கணவனின் ஓவர்கோட்டை எடுத்து இவருக்குக் கொடுத்திருக்கிறாள். பொத்தானை மட்டும் மாற்றியிருந்தாள். இவர் அதைப் போட்டுக்கொண்டு றெஸ்ரோறண்டுக்குக் கோப்பை கழுவப் போவார். ஒரு நாள் பஸ் தரிப்பில் நின்ற ஒரு கிழவன் கோட்டை மேலும் கீழும் பார்த்து, குதிக்கால் இரண்டையும் சேர்த்து விறைப்பாக நின்று, நெற்றிக்குக் கையை உயர்த்திவிட்டுப் போனானாம். இன்னொரு நாள் ஒரு கிழவி இவரைக் கண்டதும் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போய்விட்டாளாம். "எனக்கு அந்த ஊரில ஒரு மரியாதை இருந்தது பிள்ளை, வழி விட்டு விலகிப் போவினம்" என்றார். சிரிப்பை அடக்க எனக்கு இருமவேண்டி வந்தது.

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. சாகும்போது கணவனின் சூட்கேசை இவரிடம் கொடுத்து, "நான் போனால் அவரை நினைக்க ஆள் இல்லை" என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் ஆளுக்கு அது போதாதா? லண்டனுக்கு வந்த பிறகு ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் விரதம் இருந்து, கோயிலில் தன் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்ட கையோடு அந்த ஜேர்மன்காரனுக்கும் விட்டார். ஐயர் அந்த நீளப் பெயரைச் சொல்லித் திக்குவார். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் சொல்வது வழக்கம். அப்படியே அவனும் சிவ கோத்திரத்தில் சேர்ந்துகொண்டான்.

ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை. அமாவாசை எல்லாருக்கும் பொதுவான நாள். செத்த ஆளுக்கென்று ஒரு திதி இருக்கிறது; அந்தத் திதியில் திவசம் செய்தால்தான் அது அவருக்குச் செய்ததாகும். திதி பார்க்க, நாளும் மாதமும் வருடமுமாகச் செத்த திகதி வேண்டும். திகதி தெரிய அந்த மனிதன் எங்கே இருந்தான், எங்கே செத்தான் என்று தெரிய வேண்டும். இதற்காகத்தான் அந்த ஆராய்ச்சி தொடங்கியது. ஜேர்மன் வாடையோடு யாராவது கடையில் பேசிவிட்டால் போதும், பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சூட்கேசைத் திறந்து காட்டுவார். கோட்டு, தொப்பி, இடுப்பு வார், தோல் கையுறை, சவர பிரஷ், குதிரை தேய்க்கிற பிரஷ். பார்த்தவர்கள் எடுத்த சாமானையும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கவுன்சிலில் என்னோடு வேலை செய்யும் ஒருத்தி மூலமாக, வால்தம்ஸ்டோவில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி நான்தான் கேள்விப்பட்டேன். நாடகக்காரருக்கு உடுப்புத் தைத்து ஓய்வுபெற்றவர். பழைய யுத்த உடுப்புகளைப் பார்த்து, போட்டவன் எந்தப் படையில் என்ன வேலை செய்தான் என்று சொல்லுவாராம். "நீயும் வா பிள்ளை. கடைக்கு என்ர இங்கிலீசு போதும், அப்பிடியான ஆளோட கதைக்க ஏலாது" என்றார். வாறன் என்றேன். உதவி செய்யவேண்டும் என்று போகவில்லை. அந்த ஜேர்மன்காரன் கெட்டவனாக இருக்கவேண்டும் என்று மனமார விரும்பினேன். ஒரே ஒரு தடவையாவது இவருடைய நற்சான்று இவர் முகத்துக்கு நேரே கிழிய வேண்டும், அதை நான் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும்.

வெள்ளைக்காரர் மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதில் கோட்டைக் கிடத்தினார். ஒரு பூதக்கண்ணாடியும் சின்ன ரோர்ச்சும் வைத்திருந்தார். முதலில் தோள்பட்டியைப் பார்த்தார். அதில் இருந்த கருஞ்சிவப்புக் கரை குதிரை வைத்தியர்களுக்கு உரியதுதான் என்றார். நான் தமிழில் சொன்னேன். இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொன்னனான்தானே" என்று என் தோளைத் தட்டினார்.

பிறகு வெள்ளைக்காரர் தோள்பட்டியை மெல்ல உயர்த்தி அடியில் பார்த்தார். கோட்டு முழுவதும் தையற்காரன் தைத்த நூல் ஒன்று, தோள்பட்டி தைத்த நூல் வேறு. பட்டி பிறகு வைத்துத் தைத்தது என்றார். இடது கையை நீட்டி வைத்து, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ரோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். வெளிறிப்போன துணியின் நடுவில் ஒரு சாய்சதுரம் மட்டும் வெளிறாமல், பழைய நிறத்தோடு இருந்தது. அதைச் சுற்றி ஊசித் துளைகள். அங்கே இருந்த சின்னத்தை யாரோ பிரித்தெடுத்திருக்கிறார்கள்; துணி கிழிந்த இடத்தை மிகவும் கவனமாகத் தைத்தும் விட்டிருக்கிறார்கள்.

அந்தச் சின்னம் யாருடையது என்று வெள்ளைக்காரர் நிதானமாக விளக்கினார். பட்டாளம் ஊரைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, பின்னால் வந்தவர்களில் இந்தச் சின்னக்காரர்களும் இருந்தார்கள். ஊர்ச் சனத்தில் யூதர்களையும் வேண்டாதவர்களையும் பிரித்தெடுத்து, நிலத்தில் ஆழக் கிடங்கு வெட்டுவித்து, கிடங்கின் கரையில் நிறுத்திச் சுட்டவர்கள். இந்த ஒரு மனிதன் கையால் என்ன செய்தான் என்று கோட்டு சொல்லாது, யாரோடு இருந்தான் என்றுதான் சொல்லும் என்றார்.

இதைச் சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். வயதான மனிதருக்குப் பார்த்துப் பதமாகச் சொல்லுங்கள் என்பது அந்தப் பார்வை. நான் ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. கிடங்கு என்றதைக் கிடங்கு என்றே சொன்னேன். பெண்கள், பிள்ளைகள் என்றதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு ஒரு இன்பம் இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்?

இவர் கண்ணாடியை வாங்கி அந்தத் தையலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சரியான பிரிவு தெரிந்துவிட்டதால் மற்ற விவரங்களைத் தேடுவது இலேசு என்றார் வெள்ளைக்காரர். இப்படியானவர்களில் பலரை யுத்தத்துக்குப் பிறகு விசாரித்துத் தண்டித்தும் இருக்கிறார்கள்; எங்கே, எந்தத் திகதியில் செத்தான் என்று பெரும்பாலும் எடுத்துத் தரலாம். தேடட்டுமா? நான் தமிழில் கேட்டேன்.

"வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

பஸ்ஸில் சூட்கேசை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு வாய் நிற்கவில்லை. "இவ்வளவு காலமும் இந்தத் திகதிக்குத்தானே அலைஞ்சனீங்கள். கிடைக்கிற நேரம் ஏன் வேண்டாம் எண்டனீங்கள்?"

"அந்தத் தையல் அவவின்ர பிள்ளை. என்ர காற்சட்டை எல்லாத்துக்கும் அவதான் மடிச்சுத் தைச்சுத் தந்தவ. கடைசியில நூலை ரெண்டு தரம் சுத்தி இழுப்பா. எனக்கு வடிவாத் தெரியும்." சூட்கேசைத் தடவிக்கொடுத்தார். "அவவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுகொண்டுதான் குதிரைக் கதை சொல்லியிருக்கிறா."

"இனியும் அவருக்குத் தர்ப்பணம் செய்வீங்களோ?"

"செய்யத்தான் வேணும். அவவுக்குச் சொன்ன சொல்லு."

"ஆருக்கு? குதிரை வைத்தியருக்கோ, மற்றவருக்கோ?"

"அவ சொன்னது பொய்தான். ஆனா அதை நம்பிக்கொண்டு நான் நிம்மதியா இருந்தனான்" என்றார்.

நிம்மதி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "எங்கட அம்மாவும் அப்பிடித்தான் நிம்மதியா இருந்தவ. உங்கட நல்ல மனிசன் விடுவார் விடுவார் எண்டு பார்த்துக்கொண்டு. இப்பவாவது சொல்லுங்கோ. அந்தப் பெரியவன் நல்லவனோ?"

இத்தனை வருடத்தில் அதை அவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. முன் சீற்றில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவன் நாளைக்கு விடுறன் எண்டு சொல்லேல்லை."

"என்ன?"

"உன்ர அண்ணனைப் பிடிச்ச அண்டு ராவே அவன்ர கதை முடிஞ்சுதாம். மனிசியைக் கூட்டிக்கொண்டு போ, வாசலில நிண்டு குளறினா ரெண்டு பேரையும் உள்ள போடுவன் எண்டான். சிங்களத்தில சொன்னான். கொம்மா என்ர வாயைப் பார்த்துக்கொண்டு நிண்டவ. நான் என்ன செய்யிறது பிள்ளை? நாளைக்கு விடுவாராம் எண்டன். நல்ல மனிசன் எண்டன்."

"தேத்தண்ணி?"

"அது வாசலில காவலுக்கு நிண்ட ஒரு ஆமிப் பெடியன் தனக்கு ஊத்தினது. கொம்மா மயங்கி விழப்போறா எண்டு நான்தான் கேட்டு வாங்கினனான். பெரியவர் தந்தது எண்டு சொன்னனான்." சூட்கேசின் வாரை இழுத்து இறுக்கினார். "வீட்டை வந்து சொல்லலாம் எண்டு நினைச்சன். அந்தச் சனத்துக்கு முன்னால ஏலாமப் போச்சு. அடுத்த நாள் சொல்லுவம் எண்டு பார்த்தன், கொம்மாவின்ர முகத்தைப் பார்க்க அதுவும் ஏலேல்லை. பிறகு நான் வெளிக்கிட்டு வந்திட்டன்."

ஜேர்மன்காரன் ஒருவனின் திகதிக்காகக் கடைக்கு வந்தவர்களை எல்லாம் மறித்து விசாரித்தவர், என் அண்ணனின் திகதியைத் தன் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். பாதரோடு போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நான் ஆண்டாண்டு காலமாக வளர்த்து வைத்திருந்த கோபத்துக்குக் கீழே நிலமே இல்லை. அது போகட்டும். அம்மா? ஒரு நாள் குளறி, ஒரு மாதம் அழுது, எள்ளும் தண்ணீரும் விட்டு ஆறியிருக்க வேண்டியவள். அவளைச் சாகும்வரை காத்திருக்க வைத்த மனிதன் எனக்குப் பக்கத்தில் இருந்து என் சட்டைத் தோளில் தூசி தட்டப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டேன். அடித்திருப்பேன், பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள்.

"இனியாவது செய்யலாம் பிள்ளை. திதி பார்ப்பம். உங்களுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை, நான் செய்யிறன்" என்றார். மணியை அடித்து, இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னமே இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கடைப் பக்கம் நான் போகவில்லை.

அவர் சொன்னதில், முகாமுக்குப் போன நாளும் அதற்கடுத்த நாளும்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. எங்கள் ஊரில் செத்தவீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அயலவர்தான் சோறு கொண்டுவருவார்கள். அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாசலுக்குள் வராது. முகாமுக்குப் போய்வந்த அடுத்த நாள், சுடலைக்குப் போய் அண்ணனின் சாம்பலை அள்ளிக் காடாத்த வேண்டிய அந்த நாளில், அம்மா விடிய எழும்பித் தலைமுழுகி, அண்ணன் வந்ததும் சாப்பிட வேண்டும் என்று அடுப்பை மூட்டினாள். வேலிக்கு மேலால் இவரைக் கூப்பிட்டுச் சந்தைக்கு அனுப்பினாள். இவர் போய் நல்ல விளைமீனாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். குழம்பும் வைத்துப் பொரித்தும் வைத்தாள். பிள்ளையை மீட்டுத் தந்த மனிதன் என்று சொல்லி, அவரை முதல் பந்தியில் இருத்தித் தன் கையாலேயே பரிமாறினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். "கறி நல்லாயிருக்கு அம்மா" என்று சொல்லி இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.